நிலமில்லாக் கிரகம் ஒன்றை உருவாக்குவது எப்படி? கடல் உலகம் எழுதுவோருக்கு முழுமையான வழிகாட்டி

கடல் கிரகம் ஒன்றைக் கற்பனை செய்ய உட்கார்ந்தால் பெரும்பாலோரின் கை முதலில் போவது கடற்கன்னிகளிடமும் முத்து மாளிகைகளிடமும்தான். போகட்டும். ஆனால் ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் அது தரையில் நடக்கிற கதையாகிவிடும். அரசன், அரண்மனை, வாள், சந்தை எல்லாம் பழையபடி இருக்கும், பின்னணியில் மீன் மட்டும் நீந்தும். தண்ணீரைச் சேர்த்தோமே தவிர நிலத்தை எடுக்கவில்லை என்பதுதான் காரணம். நிலம் போனால் அதோடு என்னென்ன போகும் என்று கணக்குப் பார்ப்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. மரம், களிமண், இரும்பு, கல், குடிநீர், அடுப்பு வைக்க ஓர் இடம், செத்தால் புதைக்க ஆறடி மண் எல்லாம் போகும்.

இங்கே ஆர்கலி என்ற கிரகத்தைப் படிப்படியாகக் கட்டிக் காட்டுகிறேன். உங்கள் கிரகம் வேறு மாதிரி இருக்கலாம், ஆனால் கேள்விகளை இதே வரிசையில் கேட்டுக்கொள்வது நல்லது. மக்களை ஐந்தாவது படியில்தான் தொடுவோம். அதுவரை பொறுமை வேண்டும்.

படி 1: தண்ணீர் எவ்வளவு?

பூமியின் பரப்பில் சுமார் 71 சதவீதம் கடல், சராசரி ஆழம் ஏறக்குறைய 3,700 மீட்டர். மலை, பள்ளம் எல்லாவற்றையும் நிரவி பூமியை வழவழப்பான உருண்டையாக்கினால், இப்போது இருக்கிற தண்ணீரே அதை முழுக்க இரண்டரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு மூடிவிடும். ஆகவே கடல் கிரகம் செய்யப் புதிதாகத் தண்ணீர்கூட வேண்டாம், மேடுகளைக் குறைத்தாலே போதும்.

தாராளமாக ஊற்றினால்தான் சிக்கல். பூமியளவு ஈர்ப்புள்ள கிரகத்தில் கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆழமாக இருந்தால், அடியில் இருக்கும் அழுத்தத்தில் தண்ணீர் சாதாரண அறை வெப்பநிலையிலேயே பனிக்கட்டியாக இறுகிவிடும். பாறைக்கும் கடலுக்கும் நடுவே பனி படிந்துவிட்டால், பாறையிலிருந்து கரைந்து வரவேண்டிய பாஸ்பரஸும் இரும்பும் மேலே வருவது கடினம். உயிரே சந்தேகம் என்றால் ஊர் எங்கே, கதை எங்கே?

ஆர்கலிக்கு நான் வைத்த கணக்கு இது. சராசரி ஆழம் நாலு கிலோமீட்டர். வெளியே தலைகாட்டுபவை பதினொரு எரிமலைத் தீவுகள். அதில் பெரியதைக் காலையில் சுற்றத் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் சுற்றி முடிக்கலாம். இந்தத் தீவுகளைவிட எனக்கு முக்கியமானவை, மேலே வராமல் இருபது முப்பது மீட்டர் ஆழத்திலேயே நின்றுவிட்ட மேடுகள். நம் மீனவர்கள் ‘பார்’ என்கிறார்களே, அவைதான். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்ததெல்லாம் இப்படிப்பட்ட பார்களில்தான். உங்கள் கிரகத்திலும் பார்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பின்னால் சண்டை வரப்போவது அங்கேதான்.

படி 2: ஓதம், அலை, புயல்

நிலவைப் பெரிதாக வைத்து ஐம்பது மீட்டர் ஓதம் (நிலவின் ஈர்ப்பால் கடல்மட்டம் ஏறி இறங்குவது) எழுப்ப ஆசைப்படுவீர்கள். கவனம். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஓதம் 16 மீட்டர் வரை ஏறுவதற்கு, நிலவோடு அந்தக் கரையின் வடிவமும் காரணம். நடுக்கடலில் அதே நிலவு தூக்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. கரையே இல்லாத கிரகத்தில் ஓதத்தைப் பலர் கவனிக்கக்கூட மாட்டார்கள். சுனாமியும் அப்படித்தான். ஆழ்கடலில் அது படகுக்கு அடியில் நழுவிப் போய்விடும். கரை இருந்தால்தான் அது பேரழிவு.

ஆனால் அலை வேறு கதை. காற்று எவ்வளவு தூரம் தடையில்லாமல் வீசுகிறதோ அவ்வளவு அலை வளரும். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் காற்றை மறிக்க நிலமே கிடையாது. 2018 மே மாதம், நியூசிலாந்துக்குத் தெற்கே கேம்ப்பெல் தீவுக்கு அருகில் ஒரு மிதவைக் கருவி 23.8 மீட்டர் உயர அலையைப் பதிவு செய்தது. எட்டு மாடிக் கட்டடம் அளவு. ஆர்கலியின் தெற்கிலும் வடக்கிலும் இதுவே அன்றாட நிலைமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் குடியிருக்க மாட்டார்கள்.

அடுத்து புயல். வெப்பமண்டலப் புயலுக்குச் சுமார் 26.5 பாகை செல்சியஸுக்கு மேல் வெதுவெதுப்பான கடல் வேண்டும், நிலத்தில் ஏறினால் அது வலுவிழக்கும். 2023இல் ஆஸ்திரேலியாவுக்கு அருகே பிறந்த ஃப்ரெடி புயல் இந்தியப் பெருங்கடல் முழுக்கக் கடந்து மொசாம்பிக் வரை போய், ஐந்து வாரங்களுக்கு மேல் உயிரோடு இருந்தது. நடுவில் மடகாஸ்கர் குறுக்கிட்டும்கூட அப்படி. குறுக்கிட எதுவுமே இல்லாத கிரகத்தில் புயலுக்கு ஆயுள் கூடும், ஆளுக்கு ஒரு பெயர்போல அதற்கும் பெயரும் குணமும் சொல்லும் மரபு வரும். இன்னொன்று, நடுக்கோட்டுக்கு மிக அருகில் புயல் சுழல்வதற்குக் கிரகத்தின் சுழற்சி உதவாது. ஆகவே கிரகத்தின் இடுப்பைச் சுற்றி அமைதியான ஒரு பட்டை கிடைக்கும். புயல் பட்டை, அமைதிப் பட்டை, பேரலைப் பட்டை என்று மூன்று இடங்கள் வந்துவிட்டன. நிலவரைபடத்தில் நாடுகள் செய்யும் வேலையை இங்கே இவை செய்யும்.

படி 3: சாப்பாடு எங்கே?

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். பாதிப் பேர் இதைத் தாண்டிக் குதிக்கிறார்கள்: ‘கடல்தானே, மீன் இருக்கும்.’

இருக்காது. நடுக்கடலின் தெளிந்த கருநீலம் பார்க்க அழகாக இருந்தாலும், அந்தத் தண்ணீரில் உணவு மிகக் குறைவு என்பதன் அடையாளம் அது. வெளிச்சம் முதல் 200 மீட்டருக்குள்தான் பயிர் வளர்க்கும் அளவுக்கு இருக்கிறது. ஊட்டம் எல்லாம் செத்து மடிந்து கீழே போய்விடுகிறது. மேலே வெளிச்சம் உண்டு, உரம் இல்லை. கீழே உரம் உண்டு, வெளிச்சம் இல்லை. இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் மீன். பெரு நாட்டுக் கரையில் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த ஊட்டநீர் எழும்புகிறது. 1970இல் அங்கே நெத்திலி வகை மீன் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் பிடித்தார்கள். அளவுக்கு மிஞ்சிய பிடிப்பும், அங்கே கடலைச் சூடாக்கும் எல் நினோவும் சேர்ந்து 1973இல் அது இருபது லட்சம் டன் அளவுக்குச் சுருங்கியது. மீன் போனதும் மீன்தின்னிப் பறவைகளும் கூட்டம் கூட்டமாக மடிந்தன. ஒரு நீரோட்டம் நின்றால் ஒரு நாகரிகம் எப்படிச் சரியும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது.

நீண்ட கரையில்லாத ஆர்கலியில் அடித்தண்ணீரை மேலே கொண்டுவர மூன்று வழி வைத்தேன். ஒன்று, நீரோட்டம் கடலடி மலையில் மோதி மேலெழும் இடங்கள், அதாவது பார்கள். இரண்டு, கடலடி வெந்நீர் ஊற்றுகள். 1977இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் இவற்றைக் கண்டபோது, சூரியனே இல்லாமல் பாக்டீரியாவை நம்பி வாழும் வாயில்லாப் புழுக்கள் அங்கே கூட்டமாக இருந்தன. அவ்வளவு ஆழம் மனிதருக்கு எட்டாது. ஆனால் அங்கிருந்து மேலே வரும் விலங்குகளைப் படைக்கலாம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: புயல். பெரும்புயல் கடந்த தடத்தில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் கலங்கி மேலே வருகிறது, சில நாளில் அந்தத் தடம் பச்சைப் பட்டையாகப் பூப்பதைச் செயற்கைக்கோள் படங்களில் பார்க்கலாம். வயலுக்கு ஏர் எதுவோ கடலுக்குப் புயல் அது. ஆக, ஆர்கலியில் ஒரு கூட்டம் புயலுக்குப் பயந்து ஓடாது, அதன் பின்னாலேயே போகும். மிக நெருங்கினால் சாவு. மிகத் தாமதித்தால் பெரிய மீன்களும் பறவைகளும் மேய்ந்து முடித்திருக்கும். எத்தனை நாள் பின்தங்கிப் போவது என்பதில்தான் அந்த மக்களின் அறிவு முழுக்க இருக்கிறது. ஒரு இயற்கைச் செயலைப் பிடித்துக்கொண்டால் ஒரு இனமே அதிலிருந்து வந்துவிடுகிறது பாருங்கள்.

படி 4: கிடைக்காதவற்றின் பட்டியல்

ஒரு தாளில் உங்கள் வீட்டுச் சமையலறையில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது ஆர்கலியில் எதால் செய்யப்படும் என்று எழுதுங்கள். அம்மிக்கல்லிலேயே திணறிப்போவீர்கள்.

பூமியிலேயே இதற்கு உண்மையான முன்மாதிரி உண்டு. பவளத் தீவுகளில் கடினமான கல் கிடையாது, எல்லாம் சுண்ணாம்பு. அதனால் கோடரி அலகைப் பெரிய மட்டியின் ஓட்டில் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்ஷல் தீவுகளின் ராடாக் வரிசைக்குப் போன சமிசோ என்ற இயற்கையியலாளர், அங்கே கரை ஒதுங்கும் மரங்களின் வேரில் சிக்கி வரும் கற்களைத் தேடி எடுத்துக் கருவி தீட்டினார்கள் என்று பதிவு செய்தார். அந்தக் கற்கள் தலைவனுக்கே சொந்தம், எடுத்து ஒளித்தால் தண்டனை. நாம் வழியில் உதைத்துவிட்டுப் போகிற கல்லுக்கு ஒரு சட்டம்! கற்பனை செய்து இதைவிட நன்றாக எழுதிவிட முடியாது.

இரும்புக்கு வழியே இல்லை. வடமேற்கு கிரீன்லாந்தில் இனுயிட் மக்கள் விண்கல் இரும்பைத் தட்டிக் கத்தி செய்தார்கள். ஆர்கலியில் விண்கல் விழுந்தால் நாலு கிலோமீட்டர் கீழே போய்விடும். தண்ணீருக்கடியில் உலை மூட்டவும் முடியாது. கடற்கன்னி கையில் எஃகு வாள் கொடுக்க ஆசையிருந்தால், அதை அவளுக்கு யார் விற்றார்கள் என்று சொல்லிவிடுங்கள். எரிமலைத் தீவில் எரிமலைக் கண்ணாடி கிடைக்கும், சுறாப்பல் கிடைக்கும், திருக்கை முள் கிடைக்கும். ஆயுதத்துக்கு அது போதும்.

குடிநீருக்கு மழைதான் கதி. சிறு தீவுகளில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, உப்புநீரை விட இலேசாக இருப்பதால் அதன் மேல் மிதந்து நிற்கும். நீர்மட்டம் கடலுக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. அவசரப்பட்டு இறைத்தால் உப்பு ஏறிவிடும். ஆகவே கிணற்றுக்குக் காவல், கிணற்றுக்கு முறை, கிணற்றை வைத்து மிரட்டல் எல்லாம் வரும். தீவு இல்லாதவர்கள் பாயை விரித்து மழையைப் பிடிப்பார்கள்.

நெருப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். படகில் அடுப்பு வைக்கக் களிமண்ணோ மணலோ வேண்டும், எரிக்க மட்டையோ எண்ணெயோ வேண்டும். இரண்டும் அரிது என்றால் சமைத்த சோறு திருவிழாவுக்குத்தான்.

படி 5: இப்போது மக்கள்

உடலை எவ்வளவு மாற்றுவது என்று முதலில் முடிவெடுங்கள். செவுளும் வாலும் வைக்காமலே நிறைய செய்யலாம். இந்தோனேசியாவின் பஜாவ் மக்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி மூழ்குபவர்கள். மூச்சடக்கும்போது உதவும் இரத்தத்தைச் சேமித்து வைக்கும் அவர்களின் மண்ணீரல் பக்கத்து மக்களைவிடச் சுமார் 50 சதவீதம் பெரியது என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. மூழ்காத பஜாவ்களுக்கும் அப்படியே இருந்தது, ஆக இது பரம்பரையாக வந்தது. இதற்கு நேரெதிராக, அந்தமான் கடலின் மோக்கன் குழந்தைகள் தண்ணீருக்கடியில் தெளிவாகப் பார்க்கிறார்கள். அது பயிற்சியால் வந்தது. ஐரோப்பியக் குழந்தைகளையும் பழக்கியபோது அவர்களுக்கும் வந்துவிட்டது. உங்கள் மக்களின் திறமை இரத்தத்திலா, பழக்கத்திலா? முதலாவது என்றால் வெளியாள் ஒருநாளும் அவர்களில் ஒருவனாக முடியாது. இரண்டாவது என்றால் தத்துப்பிள்ளை கதை எழுதலாம்.

ஆர்கலியில் மூன்று கூட்டங்கள்:

பாரினர்: பார்களுக்கு மேல் நங்கூரமிட்டு வாழ்பவர்கள். மூழ்குவது பெண்கள். தென்கொரியாவின் ஜேஜு தீவில் ஹென்யோ எனப்படும் பெண்கள் காற்றுக்குடுவை இல்லாமல் மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கிறார்கள். மேலே வந்ததும் மூச்சை விசில்போல விடும் அவர்களின் ஒலி அந்தக் கடற்கரைக்கே அடையாளம். பாரினத்துப் பெண் ஒவ்வொருத்தியின் மூச்சொலியும் வேறு வேறு என்றும், ஒலி கேட்காவிட்டால் படகில் இருப்பவர் எண்ணத் தொடங்குவார் என்றும் வைத்தேன்.

மிதவையர்: நடுக்கோட்டு அமைதிப் பட்டையில் மிதக்கும் பாசித் திட்டுகள் மேல் வாழ்பவர்கள். சர்காசோ கடலின் பாசி காற்றுப் பைகளால் மிதக்கிறது. 2019இல் டோங்கா அருகே கடலடி எரிமலை ஒன்று கக்கிய நுரைக்கல், பெரிய மிதக்கும் திட்டாகக் கிளம்பி ஆஸ்திரேலியா வரை போனது. இரண்டையும் சேர்த்துப் பின்னினால் ஒரு ஊர். பெருவின் டிட்டிகாக்கா ஏரியில் ஊரோ மக்களின் கோரைத் தீவுகளில் அடிக்கோரை அழுக அழுக மேலே புதுக்கோரை பரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மிதவையருக்கும் அதே பாடு: தரையைச் சம்பாதித்துக்கொண்டே இருக்க வேண்டும். உழைக்க ஆளில்லாத வீடு மூழ்கும்.

புயல்வழியார்: இவர்களைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

பெயர் வைத்தாயிற்று, இனி உள்ளே நிரப்ப வேண்டும். இதற்கு நான் வேறெங்கும் போகவில்லை, தொல்காப்பியம் கருப்பொருள் என்று தரும் பட்டியலையே எடுத்துக்கொண்டேன். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். ஒரு நிலத்தின் வாழ்க்கையை எட்டுக் கேள்வியில் பிடித்துவிடுகிற அற்புதமான படிவம் அது. நெய்தலுக்கு எழுதியதையே அப்படியே நகலெடுக்காதீர்கள். அங்கே கரை உண்டு, புன்னை உண்டு, உப்பளம் உண்டு.

புயல்வழியாருக்கு நிரப்பிப் பார்ப்போம். தெய்வம்: புயலின் கண். அதற்குள் போய்த் திரும்பியவர்கள் பூசாரிகள். உணவு: பச்சைத் தடத்தில் கூடும் சிறுமீன், வெயிலில் காய்த்தது. விலங்கு: கூடவே வரும் ஓங்கில் (டால்பின்). மரம்: இங்கேதான் இடிக்கும். மரம் இல்லாதவர்களுக்குப் படகு எது? திமிங்கில விலா எலும்பில் சட்டம், மேலே தோல். இனுயிட் மக்களின் தோல்படகு இதற்கு வழிகாட்டி. ஆக ஒவ்வொரு படகும் ஒரு திமிங்கிலத்தின் பெயரைத் தாங்கும், கல்யாணத்துக்குச் சம்பந்தம் பேசும்போது படகின் வம்சம் கேட்பார்கள். பறவை: புயலுக்கு முன்னால் பறந்து வருவது, அதைக் கொல்வது பாவம். பறை: ஹவாயில் பாஹு என்ற முழவுக்குச் சுறாத்தோல் போர்த்துவார்கள். இவர்களுக்கும் அதுவே, ஆனால் காற்றின் ஈரம் மாறினால் தோல் தளரும். பறை சுருதி இறங்கினால் புயல் திசை மாறுகிறது என்று பொருள். இசைக்கருவி வானிலைக் கருவியாகவும் ஆகிவிட்டது. எட்டும் இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால்தான் படிவம் வேலை செய்கிறது என்று அர்த்தம். தனித்தனியாக நின்றால் திரும்ப எழுதுங்கள்.

தண்ணீருக்கடியில் நடக்கும் காட்சிகளுக்கு இரண்டு குறிப்பு. சிவப்பு முதலில் மறையும். இருபது மீட்டருக்குக் கீழே வெட்டுப்பட்டால் வருவது கருப்புப் பச்சையான இரத்தம். ஒலி தண்ணீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும், ஆகவே மனிதக் காதுக்கு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. தூரம் மட்டும் வியப்பானது. 1991இல் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் ஹேர்ட் தீவுக்கு அருகே நீருக்குள் எழுப்பிய ஒலியை அமெரிக்காவின் இரு கரைப் பக்கங்களிலும் கேட்டார்கள். மூன்று கூட்டத்துக்கும் தூது வேண்டுமென்றால் புறாவைத் தேட வேண்டாம்.

படி 6: வழியும் உரிமையும்

1976இல் மைக்ரோனேசியாவின் சடவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக், ஹோகுலேயா என்ற பாய்மரக் கப்பலை ஹவாயிலிருந்து தஹிதிக்குக் கருவி எதுவும் இல்லாமல் வழிநடத்தினார். விண்மீன் எழும் இடம், பெருஅலையின் சாய்வு, பறவை, மேகம் இவைதான் துணை. மார்ஷல் தீவினர் குச்சிகளைக் கட்டி அலை வளைவுகளைக் காட்டும் படங்கள் செய்தார்கள். அவற்றைக் கடலுக்குக் கொண்டுபோவதில்லை, கரையிலேயே படித்து மனதில் ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் இதெல்லாம் தீவைக் கண்டுபிடிக்கும் கலை. புயல்வழியார் தேடும் இடமோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. அவர்களுக்கு ‘எங்கே’ என்ற கேள்வியே ‘எப்போது’ என்றுதான் வரும்.

நகர்கிற இடத்துக்கு எல்லைக்கல் நட முடியாது. பிறகு சொத்துரிமை எப்படி? பழவேற்காடு ஏரியில் மீனவர்களுக்குள் பாடு என்ற முறை உண்டு. நல்ல இடத்தில் வலை போடும் முறை ஆளாளுக்கு மாறி மாறி வரும். அங்கே ஒருவர் சொந்தமாக வைத்திருப்பது தன் முறையைத்தான், நீர்ப்பரப்பை அல்ல. ஆர்கலியின் சட்டத்தை இதன்மேல் கட்டினேன். திருட்டு என்றால் அடுத்தவர் முறையில் வலை இறக்குவது. சீதனமும் முறைதான், கடனுக்கு அடகு வைப்பதும் முறைதான்.

படி 7: வாய்ப்பேச்சு

எழுதி முடித்ததும் உரையாடல்களில் மண்ணைத் தேடிப் பொறுக்குங்கள். வேரோடு பிடுங்குவேன், தரைமட்டம், மண்ணைக் கவ்வினான், காலடியில் நிலம் நழுவியது. இதெல்லாம் உங்களை அறியாமலே நுழைந்திருக்கும். வடக்கு தெற்குக்குப் பதில் காற்றுக்கு மேல், காற்றுக்குக் கீழ் என்று பேசவையுங்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று நம் கடற்கரைக்காரர்கள் காற்றுக்கு வைத்த பெயர்களைக் கடன் வாங்காமல், உங்கள் மூன்று பட்டைகளுக்கு ஏற்பப் புதிதாக வையுங்கள்.

படி 8: ஒரு வழக்கு எழுதிப் பாருங்கள்

வரலாறு, வம்சாவளி எழுதுவதற்கு முன் ஒரே ஒரு வழக்கை எழுதுங்கள். கிரகம் நிற்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். நான் எழுதியது: தீவிலிருந்து விழுந்த மரம் ஒன்று வேரோடு மிதந்து வருகிறது. வேரில் ஒரு கல்.

“முதலில் கண்டது என் பேத்தி, பெரியம்மா. நீங்கள் கயிறு போட்டதே அவள் கூவியதற்கு அப்புறம்தான்.”

“கண்டவளுக்குக் கண். கயிறு போட்டவளுக்கு மரம். எங்கள் வழக்கம் அது.”

“சரி, மரம் உங்களுக்கே இருக்கட்டும். கல்லைக் கொடுங்கள். என் அப்பன் மூன்று நாளாகப் பாயில் சுற்றிக் கிடக்கிறார், கீழே அனுப்பக் கனம் வேண்டாமா?”

கல்லில்லாத உலகில் பிணத்தை மூழ்கவைப்பதே வசதியுள்ளவர்களுக்குத்தான் என்பது இந்த மூன்றாவது வரியை எழுதும்போதுதான் எனக்கே தெரியவந்தது. ஏழைகளின் பிணம் மிதக்கும், பறவைகள் வரும். அதிலிருந்து கல் வாடகைக்கு விடுபவர்கள் வந்தார்கள். இரவில் மூழ்கிப் பிணத்திலிருந்து கல்லை அவிழ்த்து வருகிற பாரினத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அவள்தான் இப்போது என் கதைத்தலைவி. உங்கள் வழக்கிலும் இப்படி ஒரு ஆள் கிடைக்காவிட்டால் நாலாவது படிக்குத் திரும்பிப் போய்ப் பட்டியலில் இன்னும் ஒரு பொருளை அடித்துவிடுங்கள்.

வரைபடத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு புள்ளி போட எவ்வளவு நேரமாகும்? அதைவிட ஒரு நாட்காட்டி போடுங்கள்: எந்த மாதம் எந்தப் பட்டையில் புயல் பிறக்கும், எப்போது பார்களில் சிப்பி முற்றும், எப்போது மிதவையர் நுரைக்கல் தேடிப் போவார்கள். மூன்று கூட்டமும் ஒரே தண்ணீருக்கு ஒரே நேரத்தில் வந்து சேரும் மாதம் எது என்று பாருங்கள். முதல் அத்தியாயத்தை அந்த மாதத்தில் தொடங்குங்கள்.